ஏழடி ஒன்பது அங்குலக் கதவு

ஏழடி ஒன்பது அங்குலம் என்றான் அன்வர்தீன். போனில் அவன் குரல் துள்ளியது. துள்ளாதா பின்னே, அவனும் தியாகேசனும் தேடித் தேடி அலுத்த கதவு, கொற்றங்குடி ரயில்வே ஜங்ஷனை இடித்தபோது ஏலத்தில் போய்க் காணாமல் போன தேக்குக் கதவு, அவன் ஊர்ப்பக்கம் ஓர் அரிசி ஆலைக் குடோனில் நிலைச்சட்டத்தோடு நிற்கிறதாம். "ரெண்டு தரம் அளந்துட்டேண்ணே. நிலைக்கு உள்ளளவு ஏழடி ஒம்போது இஞ்சு. நீங்க ஏழடின்னீங்க. முக்கா அடியை முழுங்கிட்டீங்களே." தியாகேசன் சிரித்தான். ரொம்ப சந்தோஷம்பா, டேப்போட ஒரு போட்டோ அனுப்பு என்று சொல்லிப் போனை வைத்தான். சிரித்த வாயை மூடுவதற்குள் உள்ளே என்னமோ தடுக்கியது. என்ன என்று பிடிபடவில்லை. மேஜையில் கொற்றங்குடி ஜங்ஷன் எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருங்கி நின்றுகொண்டிருந்தது. முகப்பில் ஏழு வளைவுகள், நடுவில் மணிக்கூண்டு, வலது கோடியில் தண்ணீர்ப் பந்தல், கூரையில் ஒவ்வொரு ஓடும் அவன் கையால் கீறியது. கடையில் பெட்டியோடு வாங்கி ஒட்டுகிற ஸ்டேஷன் இல்லை இது. அப்படி வாங்க ஜெர்மனி ஸ்டேஷன் கிடைக்கும், மலையும் பனியும் கிடைக்கும், கொற்றங்குடி கிடைக்காது. வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டை வாங்கி, பிளேடால் வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, சுவர் சுவராக எழுப்பியது. பாலிடெக்னிக்கில் ஆயுசு பூராவும் பிள்ளைகளுக்குக் கட்டட வரைபடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஓய்வு பெற்றதும் மாடியறையில் பொம்மை ரயில் விடுகிறார் என்று தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அகல ரயில்பாதை வந்து ஊரே மறந்துபோன ஒரு கட்டடத்துக்கு ஜன்னல் கம்பி முதற்கொண்டு போட்டு வைத்திருப்பவன் அவன் ஒருத்தன்தான். இரண்டாவது வளைவில் காலையில் ஒட்டிய கம்பி இன்னும் காயவில்லை. விரலால் தொட்டுப் பார்த்தான். பிசுபிசுத்தது.

முக்கால் அடி. ஒன்பது அங்குலம். அவ்வளவு பெரிய பிசகா. அவன் கணக்கில் அரை அங்குலம் போகலாம், ஒரு அங்குலம் போகலாம். வரைபடம் இல்லாத கட்டடத்தைப் போட்டோவிலிருந்து கட்டுகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு, படத்தில் அளவு தெரிந்த ஏதாவது ஒன்று வேண்டும், செங்கல்லோ சைக்கிளோ மனுஷனோ, அதை வைத்து மற்றதையெல்லாம் அளந்துவிடலாம். கொற்றங்குடி ஸ்டேஷனுக்கு இருக்கிற படம் ஒன்றே ஒன்று. கீழே கூடத்தில் சாமி அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. அதில் கட்டடம் முழுசாகத் தெரியும், நடுவாசலில் ஒரு பெண் நிற்பாள், ஒரு கையில் தூக்குச்சட்டி, இன்னொரு கை நிலையில். அது அம்மா. நீலாயதாட்சி. அவனுக்கு இரண்டு வயது நடக்கும்போது அடுத்த பிரசவத்தில் போய்ச்சேர்ந்தவள். அவள் முகம் அவனுக்கு நினைவில்லை, படத்திலும் வளைவின் நிழல் முகத்தில் விழுந்து மோவாயும் மூக்கு நுனியும்தான் தெரியும். ஆனாலும் உலகத்தில் அவளுக்கு இருக்கிற படம் அதுதான். கல்யாணத்தில் படம் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் வேதாரண்யத்து மாமா வீட்டில் இருந்திருக்கும். மாமா வைத்தியநாதன், அம்மாவின் தம்பி, அப்பா இரண்டாம் கல்யாணம் செய்துகொண்ட அன்றைக்கு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போனவர், இந்த வீட்டு வாசற்படி மிதித்ததில்லை. வயசான பிறகு போனில் பேசுகிறார். போன வருஷம் தியாகேசன் கூச்சத்தோடு கேட்டான், மாமா, அம்மா எவ்வளவு உயரம் இருப்பாங்க. மாமா யோசிக்கவே இல்லை. "அஞ்சடி. சரியா அஞ்சடி. பொண்ணு பாக்க வந்தவங்க குள்ளமா இருக்காளேன்னு முணுமுணுத்தாங்க. உங்க தாத்தாவுக்குக் கோவம் வந்துருச்சு, ஆசாரியைக் கூப்பிட்டு நிலையில நிறுத்தி அளந்து காட்டினாரு. அக்கா அழுதுகிட்டே நின்னா" என்றார். அழுதுகொண்டே நின்ற அந்த ஐந்தடியை வைத்துத்தான் இந்த ஸ்டேஷன் முழுக்க எழும்பியிருக்கிறது. படத்தைப் பெரிசாக்கி அடித்த பிரதியில் அம்மா இருபது மில்லிமீட்டர், கதவு இருபத்தெட்டு. அம்மா ஐந்தடி என்றால் கதவு ஏழடி. கதவு ஏழடி என்றால் வளைவு இவ்வளவு, மணிக்கூண்டு இவ்வளவு. கணக்கு போட்ட அன்றைக்கு அவனுக்கு அப்படி ஒரு நிறைவு. ஊரெல்லாம் இடித்துத் தள்ளினாலும் அம்மா நின்ற இடத்திலிருந்து அளந்து அளந்து எல்லாவற்றையும் மீட்டுவிட்டதாக ஒரு நினைப்பு. மனைவி புவனாவிடம்கூடச் சொன்னான். அவள் சாம்பார்க் கரண்டியோடு நின்று கேட்டுவிட்டு, நல்லாத்தான் இருக்கு, ஆனா நீங்க சாப்பிட வர மாட்டேங்கறீங்களே என்றாள்.

சரி, கணக்கைத் திருப்பிப் போடு. கதவு ஏழடி ஒன்பது. தொண்ணூற்று மூன்று அங்குலம். இருபத்தெட்டால் வகுத்து இருபதால் பெருக்கு. பேனாவை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை, மண்டைக்குள்ளேயே விடை வந்து உட்கார்ந்துவிட்டது, ஆனாலும் எடுத்தான், ஒரு தாளில் போட்டான், அறுபத்தாறு சொச்சம் வந்தது. ஐந்தடி ஆறு அங்குலம். மறுபடி போட்டான். அதேதான். அவனுக்குச் சிரிப்பு வந்தது, ஐந்தடி ஆறு அங்குலப் பெண்ணை யார் குள்ளம் என்பார்கள், ஆசாரியைக் கூப்பிட்டு எதற்கு அளக்க வேண்டும். அன்வர்தீன் பிசகியிருப்பான். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன், நட்டு போல்ட்டு அளந்தே பழகினவன், பிசக மாட்டான். போன் மணியடித்துப் படம் வந்தது, நிலையின் மேல்சட்டத்தில் டேப்பின் நுனி, கீழே தரையில் அவன் கட்டைவிரல், நடுவில் மஞ்சள் பட்டை நேர்க்கோடாக இறங்குகிறது. ஏழடிக்கு உண்டான எண்பத்து நாலு இல்லை, தொண்ணூற்று மூன்று. வேறு கதவாக இருக்குமோ. பழைய படத்தில் மேல் அரைவட்டத்தில் உடைந்த கண்ணாடிக்குப் பதில் தகரம் அடித்திருக்கிறதே, அது இந்தப் படத்திலும் இருக்கிறதே, இடமிருந்து மூன்றாவது கட்டம், அதைக்கூட விடாமல் பொம்மைக் கதவில் வைத்தவன் அவன்தானே. அதே கதவு. அப்படியானால் படத்தில் அம்மா கதவுக்கு முன்னால் தள்ளி நிற்கிறாளா, முன்னால் நின்றால் உயரமாகத் தெரியும். இல்லை. கை நிலையைப் பிடித்திருக்கிறது. நிலைக்குள்ளேயே நிற்கிறாள், இரண்டு பாதமும் கல்லில் படிந்திருக்கிறது. படி ஏதாவது. படி கிடையாது, அந்த வாசலில் பார்சல் வண்டி தள்ளுவார்கள். செருப்பு. எந்த ஊரில் ஆறு அங்குலச் செருப்பு. கொண்டை. கழுத்துக்குக் கீழே இருக்கிறது கொண்டை. மாமாவுக்கு மறந்துபோயிருக்கும், எண்பது தாண்டியாச்சு. அக்கா அழுதுகொண்டே நின்றதை மறக்காதவர் அடிக்கணக்கையா மறப்பார், அவர் குரலில் அன்றைக்கு இன்னும் ஆறாத கோபம் இருந்ததே, மாப்பிள்ளை வீட்டார் மேலே, அதாவது இவன் அப்பா வீட்டார் மேலே. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் டக் என்றது. நாளைக்கு எண்ணெய் விட வேண்டும் என்று நினைத்தான். என்னத்துக்கு இப்போது மின்விசிறியை நினைக்கிறோம் என்றும் நினைத்தான்.

அது அம்மா இல்லை. யாரோ சொன்னதுபோல் இருந்தது, யாரும் சொல்லவில்லை, அவனேதான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தான், மேஜையில் தண்ணீர் பாட்டில் இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. அது அம்மா இல்லை என்றால் அம்மா எங்கே. இந்தக் கேள்விக்கு அர்த்தமே இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது, செத்துப்போனவள் எங்கே இருப்பாள், ஆனாலும் வேறு எப்படிக் கேட்பது. பத்தாவது பரீட்சைக்குப் போகும்போது அந்தப் படத்தின் முன்னால்தான் நின்றான். வேலைக்கு ஆர்டர் வந்தபோது அதன் சட்டத்தில்தான் காகிதத்தைச் செருகி வைத்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள் புவனா வீட்டார் கேட்டார்கள், உங்க அம்மாவா, எங்கே, முகமே தெரியலையே, அதனால் என்ன, நிற்கிற தோரணையைப் பாருங்கள் என்று பெருமையாகச் சொன்னான். மகள் பிறந்தபோது அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினான். ஒவ்வொரு தடவையும் அந்த நிழலுக்குள் கண்ணை நுழைத்து நுழைத்து மூக்கையும் மோவாயையும் தன் மூக்கோடும் மோவாயோடும் பொருத்திப் பார்த்திருக்கிறான், கண்ணாடியில் பக்கவாட்டில் நின்று, ஒரு பைத்தியக்காரன்போல, பொருந்துகிறது என்று முடிவும் கட்டியிருக்கிறான். பொருந்தியது யாரோடு. ஒரு வழிப்போக்கியோடு. ரயிலுக்கு நேரமாச்சு என்று வந்து நின்ற யாரோ ஒரு பொம்பிளையோடு. மேஜையின் ஓரத்தில் ஒரு மூடியின் மேல் பொம்மை நின்றுகொண்டிருந்தது, கம்பியும் மாவும் வைத்துச் செய்து, அரக்குச் சேலை வண்ணம் தீட்டி, ஒற்றை முடி பிரஷ்ஷால் கரை போட்டு, கையில் மிளகளவு தூக்குச்சட்டி வைத்த பொம்மை. பதினேழரை மில்லிமீட்டர். அதுதான் ஐந்தடி. கட்டடம் முடிந்ததும் கடைசியாக அதை நடுவாசலில் நிறுத்துவதாக இருந்தான், உண்மையைச் சொன்னால் அதை நிறுத்துவதற்காகத்தான் கட்டடமே. இப்போது அது குட்டியாக, அநாதையாக, தனக்குச் சம்பந்தமில்லாத சேலையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த வயசில் அம்மாவை இன்னொரு தரம் சாகக் கொடுப்பது என்றால் என்ன நியாயம் என்று கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

விளக்கு. அதுவும் இப்போதுதானா ஞாபகம் வர வேண்டும். படத்தில் முகப்பு வளைவுக்கு மேலே வளைந்த கம்பியில் ஒன்று தொங்கும், ஒரு கிண்ணம் கவிழ்த்த மாதிரி. அன்வர்தீன் அதைப் பார்த்ததுமே, அண்ணே இது கரண்ட் லைட்டு, எனாமல் ஷேடு, எங்க கடையிலயே பழசு ரெண்டு கெடக்கு என்றான். தியாகேசன் ஒத்துக்கொள்ளவில்லை. எப்படி ஒத்துக்கொள்வான், ஸ்டேஷனுக்குக் கரண்ட் வந்தது அவனுக்கு ஐந்து வயசில், அது அவனுக்கே நினைவிருக்கிறது, அங்கே டிக்கெட் கொடுக்கும் வேலையிலிருந்த அப்பா தோளில் தூக்கி வைத்துக்கொண்டு காட்டினார், புக்கிங் ஆபீசிலிருந்து எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள், சட்டென்று வெளிச்சம் வந்ததும் கூட்டம் ஓ என்றது. அதற்குள் அம்மா போய் மூன்று வருஷம். அம்மா இருக்கிற படத்தில் கரண்ட் லைட்டு எப்படி இருக்கும், ஆகவே அது மண்ணெண்ணெய் விளக்கு. அன்வர்தீனோடு வாயாடி, அது விளக்கின் தொப்பி, பிரிண்டில் கறை விழுந்திருக்கிறது என்றெல்லாம் நிரூபித்து, உட்கார்ந்து உட்கார்ந்து வளைவுக்கு ஒன்றாக ஏழு மண்ணெண்ணெய் விளக்கு செய்து மாட்டியிருக்கிறான். மேஜையில் தொங்குகின்றன, ஒவ்வொன்றும் அரிசியளவு. முப்பத்தைந்து வருஷம் வரைபடம் சொல்லிக்கொடுத்தவன், கண்ணுக்கு எதிரே தொங்குவதைப் பார்க்காமல் மனசில் இருப்பதைப் பார்த்திருக்கிறான். பிள்ளைகள் இப்படிச் செய்தால் தாளையே கிழித்துப் போட்டிருப்பான். ஆக, படம் எடுத்தது கரண்ட் வந்த பிறகு. அவனுக்கு ஐந்துக்கு மேலே. நிற்பவள் வழிப்போக்கி இல்லை, வழிப்போக்கிகள் தூக்குச்சட்டியோடு புக்கிங் ஆபீஸ் வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள், அது வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்தவள் நிற்கிற விதம். உயரமானவள். ஐந்தடி ஆறு அங்குலம். அந்த வருஷங்களில் கொற்றங்குடி ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து அவன் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன உயரமான பெண். வேண்டாம், அங்கே போகாதே என்று அவன் மனசை இழுத்துப் பிடித்தான். அது கேட்டால்தானே.

சின்னம்மா, அப்பா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்தவள், எப்போதும் குனிந்தே நடப்பாள். சௌந்தரவல்லி என்று பெயர், யாரும் கூப்பிட்டதில்லை. குவார்ட்டர்ஸ் கதவு குட்டை, அதில் நுழையும்போது குனிவாள், சரி, வெளியே வந்த பிறகும் நிமிர மாட்டாள். அப்பாவோடு தெருவில் போனால் இரண்டடி பின்னால் முதுகை வளைத்துக்கொண்டு போவாள், அப்பாவுக்கு மேலே தலை தெரிந்துவிடக்கூடாது என்று. முக்காலி போடாமல் பரணுக்குக் கை எட்டுகிறது என்று பக்கத்து வீட்டார் கேலி செய்வார்கள், பரணிலிருந்து அவள் முறுக்கு டின்னை எடுத்துத் தருவது அவனுக்கு நினைவிருக்கிறது, அந்தக் கை மேலே போவதும், டின்னின் அடித் தகரம் கீறும் சத்தமும். இதெல்லாம் தெரியும். இவ்வளவு வருஷமும் தெரியும். ஆனால் படத்தில் நிற்பவள் நிமிர்ந்து நிற்கிறாள், தலையைச் சற்று உயர்த்தி, தன் வீட்டு வாசல்போல, அதனாலேயே அவனுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. படம் வந்த நாள். இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில், செத்தவங்க படத்துக்கெல்லாம் பூப்போடுவாங்க, உங்க வீட்ல ஏன் போடறதில்ல, உங்கம்மா ஓடிப்போயிட்டாளா என்று ஒருத்தன் கேட்டான், தியாகேசன் வீட்டுக்கு வந்து தரையில் புரண்டான், சோறு வேண்டாம் என்றான், எங்கம்மா படம் எங்கே, எங்கம்மா படம் எங்கே. அப்பா திண்டாடிப்போய் வெளியே போய்விட்டார். சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் சட்டம் போட்ட படத்தோடு வந்தார், ஆணி அடித்தார், அடிக்கும்போது சுத்தியல் விரலில் பட்டது, அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினது சின்னம்மா. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, குங்குமத்தை எடுத்துக் கண்ணாடியில் வைத்து, தலையிலிருந்த மல்லிகையைக் கழற்றிச் சட்டத்தில் மாட்டி, அவனைப் பக்கத்தில் இழுத்து, "இதுதாண்டா உங்கம்மா. கும்புட்டுக்க" என்றாள். அவன் கும்பிட்டான். அன்றைக்கு ராத்திரி நிறையச் சாப்பிட்டான் என்பதுகூட நினைவிருக்கிறது.

தியாகேசனுக்கு உடம்பு சில்லிட்டது. சாயங்கால வெயில் ஜன்னலில் அடிக்கிறது, மாடியறை அடுப்பாகக் கொதிக்கிறது, ஆனாலும் சில்லிட்டது. உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு யாராவது மாலை போடுவார்களா. அபசகுனம் என்று அலறுவார்கள். படத்தைச் சும்மா ஆணியில் மாட்டும்போது பூ உரசினால்கூடத் தட்டிவிடுவார்கள். சின்னம்மா போட்டிருக்கிறாள். முதல் நாள் மட்டுமா, வெள்ளிக்கு வெள்ளி, தைவெள்ளி ஆடிவெள்ளி அமாவாசை என்று ஒன்று விடாமல், தன் படத்துக்குத் தானே பூத்தொடுத்து, தன் நெற்றிக்குத் தானே குங்குமம் வைத்து, சாம்பிராணி காட்டி. அவளுக்கு அப்போது இருபத்தேழு வயசு இருக்குமா. வருஷா வருஷம் அம்மா திதிக்கு அந்தப் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைப்பாளே, அவளே சமைத்து, அவளே படைத்து. அவளுக்கென்று ஒரு குழந்தை பிறக்கவில்லை. ஊர் ஏதேதோ சொன்னது. இந்தப் பூ விஷயம் தெரிந்திருந்தால் அதற்குக் காரணம் இதுதான் என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார்கள், அவள் மனசில் ஒரு ராத்திரியாவது அப்படி ஓடியிருக்காதா. ஓடித்தான் இருக்கும். ஓடியும் மறுவெள்ளிக்குப் பூ வாங்கியிருக்கிறாள். அவனோ அந்தப் படத்தின் தைரியத்தில் அல்லவா அவளைக் கடைசிவரை சின்னம்மா என்றே வைத்திருந்தான், எனக்கு அம்மா அதோ இருக்காங்க என்று சின்ன வயசில் அவளிடமே விரல் நீட்டிக் காட்டியிருக்கிறான், கத்தரிக்காய் பிடிக்காத கோபத்தில். அவள் விரல் போன திசையில் திரும்பிப் பார்த்துவிட்டு, ஆமா, அவங்க வந்து சமைப்பாங்க, உக்காரு என்றாள். போன வருஷம் பிரதி எடுக்கப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினபோது, எதுக்குடா அதை எடுக்கறே, உடைஞ்சிரப்போவுது என்று மூன்று தரம் கேட்டாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அதை வச்சு என்னத்தடா அளக்கறே என்று கேட்டாள். உங்களுக்குப் புரியாது சின்னம்மா என்று சொன்னான். சொன்னானே. புரியாது என்று.

"என்னங்க," கீழேயிருந்து புவனா குரல் கொடுத்தாள், "பூ வந்துருச்சு. அத்தை ரெண்டு தரம் கூப்புட்டாச்சு. விளக்கேத்தணும்." இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இடுப்பில் அடிபட்ட பிறகு சின்னம்மாவுக்குப் படம் எட்டுவதில்லை, அவள் தொடுத்துக் கொடுப்பாள், அவன் மாட்டுவான். எழுந்தான். இறங்கி வரும்போது கையில் என்னவோ உறுத்த, பார்த்தால் பொம்மையை எடுத்து வந்திருக்கிறான், எப்போது எடுத்தான் என்று தெரியவில்லை, உள்ளங்கையில் அரக்கு வண்ணம் லேசாக ஒட்டியிருந்தது. போய் விடலாமா, செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போய் இருட்டின பிறகு வரலாமா. பேசாமல் போட்டுவிட்டால் என்ன, இத்தனை வெள்ளி போட்டாயிற்று, இன்னும் ஒன்று. அவன் ஒன்றும் கேட்காவிட்டால் ஒன்றும் ஆகாது, படம் படமாக இருக்கும், அம்மா அம்மாவாக இருப்பாள். கூடத்துக்கு வந்துவிட்டான்.

சின்னம்மா கட்டிலில் உட்கார்ந்து பூச்சரத்தைத் தாம்பாளத்தில் சுற்றி வைத்திருந்தாள். முதுகு நன்றாக வளைந்துவிட்டது, உட்கார்ந்தால் குழந்தை மாதிரி இருக்கிறாள். "எங்கடா போனே, பூ வாடுது. மாட்டு" என்றாள். தியாகேசன் சரத்தை எடுத்தான். படத்துக்கு முன்னால் போய் நின்றான். கண்ணாடிக்குள் அவள் நிமிர்ந்து நின்றாள், கை நிலையில். போன வாரக் குங்குமம் உதிர்ந்து சட்டத்தில் கிடந்தது. கையைத் தூக்கினான். கை பாதியில் நின்றுவிட்டது, மேலே போக மாட்டேன் என்றது. பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

"அளந்துட்டியா" என்றாள் சின்னம்மா.

அவன் திரும்பவில்லை. "ம்" என்றான்.

"எனக்குத் தெரியும். நீ என்னைக்கு டேப்பை எடுத்தியோ அன்னைக்கே தெரியும். ஸ்டேஷனுக்கு வெள்ளையடிச்சாங்கன்னு படம் புடிக்க ஒருத்தன் வந்தான். நான் சாப்பாடு கொண்டாந்து நின்னேன். தள்ளிப் போம்மான்னான். உங்கப்பா, நிக்கட்டும்யான்னாரு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அப்புறம் நீ அழுதே. அவ படம் ஒண்ணும் அவருகிட்ட இல்ல. நான்தான் சொன்னேன், இதுல மூஞ்சி தெரியலையே, இதை மாட்டுங்கன்னு. மனுஷன் மாட்டேன்னுட்டாரு. ரெண்டு நாள் சண்டை."

"சின்னம்மா, உசுரோட இருக்கறவங்க படத்துக்கு..."

"என்ன ஆச்சு எனக்கு? எண்பதாச்சு, போக மாட்டேங்கறேன். எனக்குப் போடலடா நான். படம்தான் என்னுது. பூ அவளுக்கு."

தியாகேசன் அழுதான். அடக்கிப் பார்த்தான், முடியவில்லை, படத்தின் பக்கம் பார்த்தபடியே அழுதான். புவனா சமையலறை வாசலில் வந்து நின்று, ஒன்றும் புரியாமல், உள்ளே போய்விட்டாள். சின்னம்மா, அது என்ன கையில என்றாள். அவன் வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினான். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கையைப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தாள்.

"நானா இது?"

"இல்ல. அஞ்சடி வச்சுச் செஞ்சது. மாமா சொன்ன உயரம்."

"அப்ப அவதான்" என்றாள் சின்னம்மா. பொம்மையை விரலால் தொட வந்து, தொடாமல் விரலை இழுத்துக்கொண்டாள். "நான் அவளைப் பாத்ததில்லடா. உங்கப்பா வாயைத் தொறந்ததே கிடையாது. ஒரே ஒரு தரம் சொன்னாரு. கல்யாணமான புதுசுல, குவார்ட்டர்ஸ் வாசல்ல நான் தலையில இடிச்சுக்கிட்டேன். அவரு சிரிச்சாரு. நீலா இடிச்சுக்கவே மாட்டா, உன் பக்கத்துல நின்னா அவ இங்க வரைக்கும்தான் வருவான்னு காட்டினாரு. அப்புறம் அவரே அழுதுட்டாரு."

"எங்க காட்டினாரு?"

சின்னம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவன் பிடிக்கப் போனான், வேண்டாம் என்று தலையசைத்தாள். சுவரோரம் போய் முதுகை அதில் சாய்த்து, வளைந்ததை நிமிர்த்தினாள், வலித்தது, முகம் சுருங்கியது, இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினாள். அவன் வாழ்நாளில் அவளை அவ்வளவு உயரத்தில் பார்த்ததில்லை. பிறகு வலது கையைத் தன் உதட்டுக்கு நேராகக் கொண்டுவந்து, உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, அங்கேயிருந்து ஒரு முழம் தள்ளி நீட்டிப் பிடித்தாள்.

"இங்க" என்றாள்.

கையை இறக்கவில்லை. பூச்சரம் ஒரு கையிலும் பொம்மை ஒரு கையிலுமாக, தியாகேசன் அந்தக் கைக்குக் கீழே தரை வரைக்கும் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான்.